பத்தடி தள்ளி ஒரு புதுமனை

அந்த அக்கா ஒரே சீசனில் நான்கு தடவை புது வீடு குடிபோனார். நான்கு தடவையும் முறைப்படி பால் காய்ச்சினார். நான்கும் ஒரே வீடுதான். அதற்கு நான்கு சக்கரம் இருந்தது.

பெயரைச் சொல்லப்போவதில்லை. கோடவுன் பதிவேட்டில் அவர் பெயர் இருந்தது, எழுதியவனும் நான்தான். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் மஞ்ச வண்டி அக்கா. அதில் அவருக்கு ஒரே ஒரு ஆட்சேபணை உண்டு.

"வண்டி இன்னா வண்டி? மஞ்ச வூட்டு அக்கான்னு சொல்லு."

எங்கள் கோடவுன் முடிச்சூரைத் தாண்டி, வெளிவட்டச் சாலையை ஒட்டி இருக்கிறது. ஜனங்கள் போனில் தட்டி ஆர்டர் செய்கிற மிக்ஸியும் செருப்பும் மெத்தை உறையும் அங்கே வந்து இறங்கி, பிரிந்து, தாம்பரம் சுற்றுவட்டாரத்துக்குப் போகும். ஆடித் தள்ளுபடி தொடங்கினால் தீபாவளி வரைக்கும் ஆள் பற்றாது. காண்டிராக்டர் ஊர் ஊராகப் போய் ஆள் பிடித்து வருவார். அப்படி வருகிறவர்களில் சிலர் வீட்டையும் ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். மூன்று மாத வேலைக்குப் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துத் தாம்பரத்தில் யார் வீடு பிடிப்பது?

செய்யாறு பக்கத்திலிருந்து வந்த ஒரு புருஷனும் பெண்டாட்டியும் குட்டியானை வண்டியின் பின்னால் தார்ப்பாய் கட்டிக் குடித்தனம் செய்தார்கள். இன்னொருவர், ஓடத் தகுதியில்லை என்று கழித்து ஏலத்தில் விட்ட ஆம்புலன்சில் குடியிருந்தார். இரவு ஷிப்ட் முடித்துவிட்டுக் காலையில் தலையோடு போர்த்திப் படுத்திருப்பார். பின்கதவு காற்றுக்காகத் திறந்திருக்கும். அந்த வழியாகப் போகிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு போவார்கள். இந்த வண்டிகளெல்லாம் மதிலுக்கு வெளியே, சர்வீஸ் ரோட்டில் வரிசையாக நிற்கும். கம்பெனி வண்டி தவிர எதுவும் யார்டுக்குள் நிற்கக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தைக் காப்பாற்றுவதற்காக அந்த வருடம் புதிதாகச் சேர்க்கப்பட்டவன் நான். யார்டு சூப்பர்வைசர்.

அதற்கு முன்னால் சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு செல்போன் கடையில் பதினோரு வருடம் இருந்தேன். கடையை மூடிவிட்டார்கள். நாற்பத்திரண்டு வயதில் எனக்குக் காக்கிக் கலரில் ஒரு கோட்டும் ஒரு விசிலும் கொடுத்து, "தீபாவளி வரை பார்ப்போம், சரியாக இருந்தால் நிரந்தரம்" என்றார்கள். நான் மிகச் சரியாக இருப்பது என்று முடிவு செய்துகொண்டேன்.

முடிவு செய்த இரண்டாம் நாளே மஞ்சள் வண்டி யார்டுக்குள் நின்றது. கண்டெய்னர் லாரி ஒன்றின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைந்திருக்கிறது. கிழக்கு மூலையில் ஒரு குழாய், அதன் பக்கத்தில் விளக்குக் கம்பம், பத்து எட்டு வைத்தால் பெண்கள் கழிவறை. இடத்தை அளந்து பார்த்து நிறுத்தியதுபோல இருந்தது.

நான் போய்க் கண்ணாடியைத் தட்டினேன்.

"பெல் கீது இல்ல?" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

பார்த்தேன். கதவோரத்தில் ஒரு சைக்கிள் பெல் திருகப்பட்டிருந்தது. விசில் தொங்குகிற கழுத்தோடு நான் ஏன் அதை அடித்தேன் என்று இன்றுவரை புரியவில்லை. அடித்தேன். கதவு சரிந்து திறந்தது. ஐம்பத்தைந்து வயதிருக்கும், மூக்குத்தி, நைட்டி மேல் துண்டு, கையில் கரண்டி.

"வா தம்பி, வா. செருப்ப அங்க கழட்டிட்டு வா. இப்பதான் பால் பொங்குச்சு, நல்ல நேரத்துக்கு வந்த."

உள்ளே சீட்டுகளைக் கழற்றியிருந்தார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு பாய். அது ஹால். பாய் முடிகிற இடத்தில் ஒரு துணித் திரை. அதற்கு அப்பால் ஒற்றை அடுப்பும் நாலு டப்பாவும். அது கிச்சன். டாஷ்போர்டின் மேல் அம்மன் படம், மஞ்சள் குங்குமத்தோடு. கல்கண்டு போட்ட பாலை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். எனக்குத் தித்திப்பு என்றால் உயிர். "இன்னும் கொஞ்சம் சர்க்கரை இருக்குமாக்கா?" என்று வாய்விட்டுக் கேட்டேன். இரண்டு ஸ்பூன் கூடப் போட்டார். குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் வந்த வேலை நினைவுக்கு வந்தது.

"அக்கா, இங்க வண்டி நிறுத்தக் கூடாது. எடுத்துடுங்க."

அவர் என்னை ஒன்றும் திட்டவில்லை. காலி டம்ளரைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"புது வூட்டுப் பால குடிச்சிட்டு, அந்த வாயாலயே காலி பண்ணுன்றியா தம்பி? உங்க வூட்டுப் பக்கம்லாம் அப்படித்தான் வழக்கமா?"

வழக்கமில்லைதான். என் வீட்டில் எல்லோரும் கிறிஸ்தவர்கள். குடிபோகும்போது பாதிரியார் வந்து ஜெபம் செய்வார், அதற்குப் பிறகு நாங்களும் பால் காய்ச்சுவோம். பால் குடித்த வீட்டில் அபசகுனமாகப் பேசினால் என் அம்மா வாயிலேயே போடுவார். நான் நெளிந்தேன். லாரி திரும்ப இடம் வேண்டும், பத்தடியாவது தள்ளி நிறுத்துங்கள் என்று கெஞ்சிவிட்டு வந்தேன். உடனே வண்டியைக் கிளப்பிச் சரியாகப் பத்தடி தள்ளி நிறுத்தினார். அவரிடம் ஒரு டெய்லர் டேப் இருந்தது. அளந்தே நிறுத்தினார்.

மறுநாள் காலை என் கேபின் வாசலில் வந்து நின்றார். "தம்பி, புது எடம். பால் காய்ச்சுறேன். நீதான் மொதல்ல வரணும்."

இரண்டாவது முறையும் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் பத்துப் பேர் எதிரே மங்கலமாகக் கூப்பிடுகிறவரிடம் எப்படி மாட்டேன் என்பது? அன்றும் குடித்துவிட்டு, இன்னொரு பத்தடி தள்ளச் சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாவது முறை நான் உஷாராகி, செக்யூரிட்டியை அனுப்பினேன். ராணுவத்தில் இருந்தவர், கறாரான ஆள். கால் மணி நேரம் கழித்து மீசையில் பால் ஆடையோடு திரும்பி வந்தார். "ஏழாம் நம்பர் லோடிங் டாக்குக்கு எதிர்ல பத்தடி தள்ளச் சொல்லியிருக்கேன் சார்" என்று சொல்லி எனக்கே சல்யூட் அடித்தார். இப்படிப் பத்தடி பத்தடியாகத் தள்ளி, வண்டி மறுபடியும் குழாயடிக்கே வந்து சேர்ந்திருந்தது.

ஒருநாள் நான் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். குட்டியானைக்காரர்களெல்லாம் வெளியே இருக்கும்போது உங்களுக்கு மட்டும் என்ன?

"அதுல புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரு கீறாங்க. நான் ஒண்டிக்கட்ட. வெளிய லைட்டு கீதா? கக்கூசு கீதா? எவனாச்சும் குடிச்சிட்டு வந்து கண்ணாடிய தட்டினா, நான் எந்த பெல்ல அடிக்கிறது? உள்ள எடம் கீது, நான் வேலைக்கு கீறேன். இல்லாங்காட்டி சொல்லிடு, இன்னிக்கே கெளம்பிடறேன்."

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் போனால் எனக்கும் நஷ்டம்தான். பேக்கிங்கில் அவரைப்போல் கை யாருக்கும் ஓடாது. மற்றவர்கள் ஒரு மிக்ஸியைக் கட்டி முடிப்பதற்குள் அவர் மூன்று கட்டிவிடுவார். கத்தரிக்கோலைத் தொடமாட்டார், டேப்பைப் பல்லால் கடித்துத்தான் அறுப்பார். சூப்பர்வைசர் என்ற முறையில் நான் கண்டித்தால், "இருவது வருசம் ஸ்கூல் வேன் ஓட்டினவ தம்பி. ஒரு கையில ஸ்டீரிங்கு, ஒரு கையில ஒரு புள்ளைய புடிச்சுகினு, பல்லாலதான் பிஸ்கட் பாக்கெட்ட பிரிச்சுக் குடுப்பேன்" என்பார். ஷிப்ட் முடிந்து ஆட்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது படிக்கட்டில் நின்று தலைகளை எண்ணுவார். யாரும் கேட்கவில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் பஸ்ஸின் முதுகில் தட்டி "ரைட்" சொல்வார். மீசைக்காரர்களெல்லாம் அடங்கி உட்கார்ந்திருப்பார்கள்.

அவர் கதையை நான் துருவிக் கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை தானாகச் சொன்னார். "ஸ்கூல்காரன் சொந்தமா பஸ் வாங்கிட்டான். வூட்டுக்காரன் வாடகைய ஏத்திட்டான். ரெண்டும் ஒரே மாசம். வண்டி மட்டும்தான் என் பேர்ல இருந்துச்சு. சரி, நீயே வூடா இருந்துடுன்னு அதாண்ட சொல்லிட்டேன்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது பெரிய சார் முன்னறிவிப்பில்லாமல் வந்து இறங்கினார். பல மாநிலத்துக் கோடவுன்களுக்கு அவர்தான் மேலதிகாரி. யார்டில் ஒரு காகிதம் கிடக்கக் கண்டாலும் யாரையாவது வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று கேள்வி. எனக்கு மஞ்சள் வண்டி கண்ணுக்குள்ளேயே நின்றது. அன்றைக்கென்று பார்த்து டெலிவரி வண்டிகளில் பாதி வரவில்லை. டிரைவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டார்கள். பார்சல்கள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன.

பெரிய சார் நேராகக் குழாயடிக்குப் போனார். வண்டியைச் சுற்றி வந்தார். நான் என் நிரந்தர வேலைக்கு மனதுக்குள் கும்பிடு போட்டேன்.

"இந்த வண்டி ஏன் சும்மா நிக்குது?" என்றார். "லோட் பண்ணுங்க."

அது வண்டியில்லை சார், வீடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரைக் காபி குடிக்க அழைத்துப் போன மூன்று நிமிடத்தில் அக்காவின் குடித்தனம் மொத்தமும் என் கேபினுக்கு வந்துவிட்டது. அடுப்பு என் மேஜை மேல். அரிசி டப்பா நாற்காலிக்கு அடியில். பாய் பீரோ மேல். கைரேகை வைத்து வருகைப் பதிவு செய்கிற மெஷின் மேல் அம்மன் படம் உட்கார்ந்துவிட்டது. அன்று மாலை கைரேகை வைத்த எல்லோரும் கும்பிட்டுவிட்டு வைத்தார்கள்.

பேக்கிங்கிலிருந்து அக்கா வந்து பார்த்தபோது அவர் ஹாலில் பிரஷர் குக்கர் பார்சல்கள் அடுக்கப்பட்டிருந்தன. கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் திரைத்துணியை மட்டும் அவிழ்த்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"எந்த ஏரியா?"

"சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம்."

"ஏறு" என்றார். ஸ்கேன் செய்கிற போனோடு நான் ஏறினேன்.

அன்றுதான் அவர் யார் என்று எனக்கு முழுசாகத் தெரிந்தது. நான் விலாசத்தைப் படிப்பேன், அவர் காது கொடுக்கவே மாட்டார். கதவு எண்ணும் தெருப் பெயரும் அவருக்கு வேண்டியதில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என்று ஆரம்பித்தாலே, "வாந்தி எடுக்குற பாப்பா வூட்டுக்கு எதிர் வூடு" என்று முடித்து வண்டியைத் திருப்பிவிடுவார். டிபன் பாக்சை மறந்துவிட்டு வருகிறவன் வீடு, ஜன்னலில் தலையை நீட்டுகிற ரெட்டையர் வீடு, திங்கட்கிழமையானால் வயிற்றுவலி வருகிற பெண் வீடு. அந்த இரண்டு ஊரின் வரைபடமும் அவருக்கு இப்படித்தான் மனப்பாடம்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மாடி வீட்டில் தாடி வைத்த ஒருவன் பார்சலை வாங்க வந்தான். கழுத்தில் ஐ.டி. கம்பெனிப் பட்டை. அக்கா டிரைவர் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"டேய், வாட்டர் பாட்டில வண்டிலயே வுட்டுட்டுப் போவியே, அவன்தானே நீ?"

அவன் முகம் அப்படியே ஏழு வயதுக்குப் போய்விட்டது. "வேன் ஆன்ட்டி!" என்று கேட்டைத் திறந்துகொண்டு வெறுங்காலோடு ஓடி வந்தான். உள்ளே வாருங்கள், மனைவியைப் பாருங்கள் என்றெல்லாம் பறந்தான். "இப்ப எங்க ஆன்ட்டி இருக்கீங்க?"

"முடிச்சூராண்ட. சொந்த வூடு. தண்ணி, லைட்டு, வாட்ச்மேன் எல்லாம் கீது" என்றார். என்னைக் காட்டி, "இந்தத் தம்பிதான் வூட்டுக்கு எடம் பாத்துக் குடுத்துச்சு."

நான் ஸ்கேன் போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் ஒன்றும் இல்லை.

பொழுது சாய்வதற்குள் ஒரு பார்சல் பாக்கியில்லாமல் கொடுத்து முடித்துத் திரும்பினோம். அக்கா என் கேபினிலிருந்து வீட்டை எடுத்துப் போய் மறுபடி அடுக்கினார். முழுசாகக் காலி செய்து திரும்ப வந்தால் அது புது வீடுதான் என்று நான்காம் முறை பால் காய்ச்சினார். அவர் கூப்பிடாமலே நான் போனேன். இரண்டு டம்ளர் குடித்தேன்.

ஆபத்துக்கு வண்டி ஏற்பாடு செய்த சமயோசித புத்திக்காகப் பெரிய சார் என்னைப் பாராட்டி மெயில் அனுப்பினார். நான் அதைத் திருத்தவில்லை. தீபாவளி கழிந்து என்னை நிரந்தரமாக்கினார்கள். அக்காவின் மூன்று மாதம் முடிந்தது. அடுத்துக் கோயில் கோயிலாகச் சீசன் இருக்கிறது, சித்திரைக்குப் பிறகு மாம்பழ மண்டி என்று கணக்குச் சொன்னார். கிளம்பும்போது, "ஆடிக்கு வந்துடுவேன். கொயாயாண்ட எடம் புடிச்சு வையி" என்றார்.

"கண்டிப்பாக்கா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அடுத்த ஆடிக்குள் யார்டைச் சுற்றிக் கேமரா வைத்துவிட்டார்கள். வெளி வண்டி உள்ளே நின்றால் யார்டு பொறுப்பாளரே பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை. கேட்டில் ஒட்டியிருந்த அந்தக் காகிதத்தின் கீழே இருந்தது என் கையெழுத்து. அக்காவுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். போன் நம்பர் என்னிடம் இருந்தது. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன்.

அவர் சொன்னபடி வந்தார். கேட் மூடியிருந்தது. ஒட்டியிருந்ததைப் படித்திருப்பார் என்று நினைக்கிறேன். செக்யூரிட்டியிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, அடுப்பைப் பற்றவைத்து, பால் பொங்கிய பிறகு பெல்லை அடித்தார். எனக்குக் கேபின் வரைக்கும் கேட்டது. போனேன்.

"வா தம்பி. இளைச்சுட்ட. இந்தா."

எவர்சில்வர் டம்ளர். அதே டம்ளர். உள்ளே விடு என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அதைக் குடித்துவிட்டால் என் வாயால் போ என்று சொல்ல முடியாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தலைக்கு மேலே கேமரா இருந்தது.

"வேணாம்க்கா" என்றேன். "சுகர் வந்துடுச்சு. டாக்டர் எதுவும் கூடாதுன்னுட்டார்."

"எப்பலேந்து?"

"மூணு மாசமா."

இரண்டு ஸ்பூன் கூடப் போட்டுக் கொடுத்த கை அது. கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தது.

"சக்கர போடல தம்பி" என்றார்.

நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கைகள் இருந்திருக்க வேண்டிய இடத்தைத்தான் பார்த்தார். பிறகு அந்தப் பாலை அவரே ஒரே மூச்சில் குடித்தார். பாட்டில் தண்ணீரில் டம்ளரை அலம்பினார். அடுப்பு ஆறும் வரை காத்திருந்து உள்ளே எடுத்து வைத்தார். அவசரமே படவில்லை. அந்த நேரத்தில் நான் கேட்டைத் திறந்திருக்கலாம். சாவி என் பையில்தான் இருந்தது.

டிரைவர் சீட்டில் ஏறியதும் கண்ணாடியை இறக்கினார். வாயோரத்தில், வண்டியையே வீடாக்கிய கதையைச் சொன்னபோது சிரித்த அந்தச் சிரிப்பு இருந்தது.

"மாத்திரைய ஒயுங்கா சாப்புடு, இன்னா? அசால்ட்டா வுட்றாத."

வண்டி வெளிவட்டச் சாலையில் ஏறிப் போயிற்று. அதற்குப் பிறகு எந்தச் சீசனுக்கும் அவர் வரவில்லை. அவர் நம்பருக்கு நான் இரண்டு தடவை அடித்தேன், அது உபயோகத்தில் இல்லை. குழாயடியில் இப்போது யாரும் நிற்பதில்லை. பொழுது சாய்ந்தால் கம்பத்து விளக்கு மட்டும் எரிகிறது, சுற்றறிக்கைப்படி அந்த இடத்தைச் சுத்தமாக வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நாங்கள் ராஜகீழ்ப்பாக்கத்தில் வேறு வீட்டுக்குக் குடிபோனபோது என் மனைவி பால் காய்ச்சி முதல் டம்ளரை என்னிடம்தான் நீட்டினாள். வேண்டாம், சுகர் என்று சொல்லிவிட்டேன். அவள் பதறிப்போய் அந்த வாரமே என்னைப் பரிசோதனைக்கு இழுத்துப்போனாள்.

இப்போது வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். எனக்குச் சர்க்கரை வியாதி இல்லை.